சொன்னது ஒன்று, வந்தது ஒன்று: 2024-இல் ஏமாற்றிய கைப்பேசிகள்

2024-ஆம் ஆண்டில் தங்களை மிகவும் ஏமாற்றிய கைப்பேசி எது, கைப்பேசித் தொழில்நுட்பம் எது என்று எழுதி அனுப்புமாறு இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை வாசகர்களைக் கேட்டிருந்தோம். தொண்டி முதல் கீழக்கரை வரையிலிருந்து வந்த கடிதங்களில் ஐந்துக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகர்: வளைகுடாவில் வேலை செய்யும் என் மகன் அனுப்பிய பணத்தில் 2024 அக்டோபர் முதல் வாரம் ஐபோன் 16 வாங்கினேன். செயற்கை நுண்ணறிவுக்கென்றே உருவாக்கப்பட்ட கைப்பேசி என்று விளம்பரம் செய்தார்கள். வாங்கிய அன்று அந்த வசதி அதில் இல்லவே இல்லை. பிறகு வந்தபோதும் தமிழில் வரும் கடிதங்களை அது சுருக்கித் தருவதில்லை. அந்த ஆண்டின் பெரிய ஏமாற்றம் இதுதானா?

கைப்பேசி என்ற அளவில் ஐபோன் 16 குறை சொல்லத்தக்கதன்று. அதன் கேமரா நல்லது, மின்கலமும் நன்றாக உழைக்கிறது. அதை விற்ற முறைதான் ஏமாற்றம் என்பேன். நீங்கள் சொல்லும் செயற்கை நுண்ணறிவு வசதியான ‘ஆப்பிள் இன்டெலிஜென்ஸ்’ 2024 ஜூன் 10 அன்று அறிவிக்கப்பட்டது. செப்டம்பர் 20 அன்று 79,900 ரூபாய் தொடக்க விலையில் கைப்பேசி இங்கே கடைக்கு வந்தது. அந்த வசதியின் முதல் பகுதியோ அக்டோபர் 28 அன்றுதான், அதுவும் அமெரிக்க ஆங்கிலத்தில் மட்டும், வெளியானது. நீங்கள் வாங்கிய நாளில், சோதனைப் பதிப்பை ஏற்றிக்கொண்டவர்களைத் தவிர, உலகில் எவருடைய ஐபோன் 16-இலும் அது இல்லை. நம் சொந்த விவரங்களை அறிந்து நமக்காக வேலைகளைச் செய்து முடிக்கும் புதிய சிரி என்ற குரல் உதவியாளரைக் காட்டி விளம்பரம் ஒளிபரப்பினார்கள். 2025 மார்ச்சில் அது தாமதமாகும் என்று அறிவித்தபோது அந்த விளம்பரத்தையும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். விளைந்த நெல்லைக் காட்டி விலை பேசுவது வணிகம். நாற்றங்காலைக் காட்டி நெல்லுக்குரிய விலையை வாங்கிக்கொள்வதை வேறு என்னவென்று சொல்வது?

மொழியைப் பற்றிய உங்கள் குறையை இன்னும் அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். 2024 ஜனவரியில் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ் 24, தொலைபேசிப் பேச்சை உடனுக்குடன் மொழிபெயர்க்கும் என்று சொல்லி 13 மொழிகளோடு வெளிவந்தது. அவற்றில் இந்தி இருந்தது, தாய்லாந்து மொழியும் வியட்நாம் மொழியும் இருந்தன, தமிழ் இல்லை. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளின் முதலாளிகளோடும் விமான நிறுவனங்களோடும் அன்றாடம் பேசவேண்டியிருக்கும் கீழக்கரைக் குடும்பங்களுக்கு இதைவிடப் பயனுள்ள வசதி வேறில்லை. அது நம் மொழியில் இல்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. தமிழ் கடினமான மொழி என்று காரணம் காட்டவும் இயலாது. கூகுளின் செயற்கை நுண்ணறிவுச் செயலியான ஜெமினி அதே ஆண்டு ஜூன் மாதம் தமிழ் உட்பட ஒன்பது இந்திய மொழிகளில் வந்துவிட்டது. ஒருவரால் இயன்றது மற்றவருக்கு இயலாமல் போனது மனமில்லாமையால்தான்.

ஆயினும் அவ்வாண்டின் முதல் ஏமாற்றம் எது என்று வரிசைப்படுத்தினால், கைப்பேசிக்கே மாற்று என்று சொல்லிக்கொண்டு வந்த ஹியூமேன் ஏஐ பின் என்ற கருவியையே முதலில் வைப்பேன். சட்டையில் குத்திக்கொண்டால் போதும், உள்ளங்கையில் எழுத்துகளை ஒளியால் காட்டும் என்று சொல்லி 699 டாலருக்கும், அதற்குமேல் மாதம் 24 டாலர் கட்டணத்துக்கும் 2024 ஏப்ரலில் அமெரிக்காவில் விற்றார்கள். வெயிலில் அந்த எழுத்து தெரியவில்லை. ஜூன் மாதத்தில், தீப்பற்றக்கூடும் என்பதால் அதன் சார்ஜிங் பெட்டியைப் பயன்படுத்தவேண்டாம் என்று அந்த நிறுவனமே எச்சரித்தது. 2025 பிப்ரவரி 28 அன்று சேவையும் நிறுத்தப்பட்டது. பணம் கொடுத்தவர்களிடம் எஞ்சியது ஒரு துண்டு உலோகம். இந்த நிலை உங்களுக்கு வரவில்லை என்பதில் சற்று ஆறுதல் கொள்ளலாம்.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு விசைப்படகு ஓட்டுநர்: கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கடல் மைல் போனாலே கைப்பேசியில் சிக்னல் இருப்பதில்லை. டவர் இல்லாமலே செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கைப்பேசிகள் 2024-இல் வந்துவிட்டன என்கிறார்கள். துபாயில் இருக்கும் மைத்துனரிடம் சொல்லி ஒன்று வாங்கிவரச் செய்யலாமா?

வேண்டாம் ஐயா. இந்தப் பதிலை எழுதும்போதே எனக்கு மனம் கனக்கிறது, ஏனென்றால் இந்த வசதி யாருக்கு உயிர்க்காப்பாக இருக்குமோ அவர்களுக்கு எட்டாமல் இருக்கிறது. ஐபோன் 14 முதல் அவசர உதவிக்கு இந்த வசதி உண்டு. 2024 செப்டம்பரில் வந்த புதிய மென்பொருளோடு, அமெரிக்காவிலும் கனடாவிலும் டவரே இல்லாத இடத்திலிருந்து சாதாரணக் குறுஞ்செய்தியும் அனுப்ப முடிந்தது. கூகுள் பிக்சல் 9-இலும் அமெரிக்காவில் அவசரச் செய்தி வசதி தரப்பட்டது. ஆனால் இந்தச் சேவை கருவியை வாங்கிய நாட்டை மட்டும் பொறுத்ததன்று, அது நிற்கும் இடத்தையும் பொறுத்தது. துபாயில் வாங்கினாலும் நியூயார்க்கில் வாங்கினாலும், பாக் நீரிணையில் அந்தப் பொத்தான் வேலை செய்யாது.

தனிச் செயற்கைக்கோள் தொலைபேசியை வாங்கிக்கொள்ளலாமே என்ற எண்ணமும் சிலருக்கு வரக்கூடும். அது இதைவிட ஆபத்தானது. துரையா, இரிடியம் ஆகிய தொலைபேசிகளை அனுமதியின்றி இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம். அரசின் அனுமதியோடு பிஎஸ்என்எல் வழியாகப் பெறும் இன்மார்சாட் சேவை மட்டுமே சட்டப்படியானது. எல்லைக் கோட்டுக்கு அருகில் தொழில் செய்யும் உங்களைப் போன்றோரிடம் அப்படி ஒரு கருவி இருந்தால் என்ன ஆகும் என்பதை நான் விளக்கவேண்டியதில்லை.

சாதாரணக் கைப்பேசி ஏன் கடலில் செத்துப்போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை. பூமியின் வளைவுக்குக் கீழே படகு இறங்கிவிட்டால் கரையிலுள்ள டவருக்கு அது மறைந்துவிடும். பழைய 2ஜி கோபுரம் ஒன்று வழக்கமாக எட்டக்கூடிய உச்ச தூரமே 35 கிலோமீட்டர். அதிக அதிர்வெண்ணில் இயங்கும் 5ஜி அலைகள் அதையும்விடக் குறைந்த தூரமே செல்லும். ஆகவே 5ஜி கைப்பேசி வாங்கினால் கடலில் கூடுதல் தூரம் எடுக்கும் என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும் நம்பாதீர்கள். தனுஷ்கோடிப் பக்கம் திடீரென்று சிக்னல் நிறைந்து காணப்பட்டால் அது இலங்கைக் கோபுரத்தினுடையதாக இருக்கலாம். ரோமிங் கட்டணம் ஏறிவிடும் என்பதால் ‘டேட்டா ரோமிங்’ என்பதை அணைத்து வையுங்கள்.

உங்களுக்கு உரிய வழி வேறொன்று இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 30 அன்று மத்திய அரசு தொடங்கிய திட்டத்தின்படி, 13 கடலோர மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் உள்ள 1 லட்சம் படகுகளுக்கு இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் கருவி இலவசமாகப் பொருத்தப்படவேண்டும். டவர் இல்லாத இடத்திலிருந்தும் கரைக்குக் குறுஞ்செய்தி அனுப்பவும் கரையிலிருந்து பெறவும், புயல் எச்சரிக்கையையும் எல்லை எச்சரிக்கையையும் அறியவும் அது உதவும். உங்கள் படகில் அது இல்லையென்றால் மீன்வளத் துறை அலுவலகத்தில் எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். இருந்தும் பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்தால், உங்கள் படகில் வருவோர் அனைவருக்கும் அதை இயக்கக் கற்றுக்கொடுங்கள். ஓட்டுநருக்கே மயக்கம் வந்தால் செய்தி அனுப்ப இன்னொரு கை வேண்டும். அதோடு வாக்கிடாக்கியில் 16-ஆம் அலைவரிசை அவசரத்துக்கு உரியது என்பதும், சிக்னல் உள்ள இடத்தில் கடலோரக் காவல்படையின் எண் 1554 என்பதும் படகிலுள்ள சிறுவனுக்கும் மனப்பாடமாக இருக்கவேண்டும்.

பாம்பன் சின்னப்பாலத்திலிருந்து ஒரு வாசகி: நான் கடலில் பாசி எடுக்கும் தொழிலாளி. என்னிடம் இருப்பது பட்டன் போன். பேச மட்டும்தான் எனக்கு வேண்டும், நெட் வேண்டாம். அப்படியிருக்க, 2024-இல் ரீசார்ஜ் விலையை எனக்கும் ஏன் உயர்த்தினார்கள்?

அம்மா, உங்கள் கேள்வியில் உள்ள நியாயத்தைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமே ஒப்புக்கொண்டிருக்கிறது. விசைப்படகுகள் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூன் 14-க்குப் பிறகு கடலுக்குப் போய் இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், ஜூன் 27, 28 தேதிகளில் விலையேற்றம் அறிவிக்கப்பட்டது. 28 நாளுக்கான தொடக்க ரீசார்ஜ் ஜியோவில் 155 ரூபாயிலிருந்து 189 ஆனது. ஏர்டெல்லில் 179-லிருந்து 199 ஆனது. 28 நாள் என்பதால் ஆண்டுக்கு 13 முறை போடவேண்டும். ஏர்டெல் வைத்திருப்பவருக்கு ஆண்டுக்கு 260 ரூபாயும் ஜியோ வைத்திருப்பவருக்கு 442 ரூபாயும் கூடுதல். மரிக்கொழுந்துப் பாசிக்கு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் மட்டும் இறங்கி, அந்தக் கூலியில் மாதம் முழுவதையும் ஓட்டும் வீட்டில் இது சிறிய தொகையன்று.

2024 டிசம்பர் 23 அன்று, பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டத்தைக் கட்டாயம் தரவேண்டும் என்று ஆணையம் உத்தரவிட்டது. அதன்படி 2025 தொடக்கத்தில் 84 நாளுக்கு ஏர்டெல் 469 ரூபாய், ஜியோ 448 ரூபாய் என்று திட்டங்கள் வந்தன. மூன்று முறை 199 போடுவதைவிட ஏர்டெல்லில் 128 ரூபாய் மிச்சமானது. ஆனால் ஒரே முறையில் ஐந்நூறுக்குச் சற்றுக் குறைவாக எடுத்துவைக்க எல்லாராலும் முடியுமா என்பதை உத்தரவு போட்டவர்கள் எண்ணிப் பார்த்திருக்கவேண்டும். பாசி விற்ற பணம் கையில் வரும் நாளில் இதைப் போட்டுவிடுவது நல்லது; கடைக்காரரிடம் ‘நெட் இல்லாத, பேச மட்டுமான 84 நாள்’ என்று தெளிவாகக் கேளுங்கள், கேட்காவிட்டால் பெரும்பாலும் பழையதையே போட்டுவிடுவார்கள். அப்போது விலையை ஏற்றாத பிஎஸ்என்எல்லுக்கு அந்த ஜூலை மாதத்தில் மட்டும் ஏறத்தாழ 29 லட்சம் வாடிக்கையாளர்கள் கூடினார்கள். உங்கள் தெருவில் அதன் சிக்னல் எப்படி இருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் கேட்டறிந்து மாறலாம்.

தொண்டியிலிருந்து ஓர் ஆசிரியர்: மென்பொருள் புதுப்பித்த மறுநாள் என் கைப்பேசித் திரையில் மேலிருந்து கீழாகப் பச்சைக் கோடு விழுந்துவிட்டது. கீழே போடவே இல்லை. பணம் கட்டவேண்டும் என்கிறார்கள்.

அமோலெட் என்னும் வகைத் திரை உள்ள பல நிறுவனங்களின் கைப்பேசிகளிலும் இந்தக் கோளாறு காணப்பட்டது. நீங்கள் போட்டு உடைத்ததன் விளைவன்று இது. ஒன்பிளஸ் நிறுவனம் 2024 ஜூலையில் இந்தியாவில் இக்கோளாறுக்கு வாழ்நாள் திரை உத்தரவாதத்தை அறிவித்தது. உங்களுடையது வேறு நிறுவனமாக இருந்தாலும், உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது என்ற ஒரே பதிலோடு திரும்பாமல், சேவை மையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து எண் பெறுங்கள். பலன் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

மண்டபத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: ஐபி 68 தரம் கொண்டது, தண்ணீரில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது என்றார்கள். வல்லம் என்னும் படகிலிருந்து இறங்கும்போது கடலில் விழுந்து இரண்டே நாளில் சார்ஜ் ஏறவில்லை.

தூசும் தண்ணீரும் உள்ளே புகாமல் தடுக்கும் தரத்தைக் குறிக்கும் ஐபி 68 சோதனை நல்ல தண்ணீரில் செய்யப்படுவது. கடல்நீருக்கு அது உறுதி சொல்வதில்லை. தண்ணீர் புகுந்து பழுதானால் உத்தரவாதமும் பெரும்பாலும் கிடைக்காது. இந்த ஒரு வரியைப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடவேண்டும் என்று நான் பல ஆண்டுகளாக எழுதிவருகிறேன். உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும், செம்பில் களிம்பு ஏற்றும். முதல் நாள் வேலை செய்த கைப்பேசி இரண்டாம் நாள் நின்றுபோவது இதனால்தான். நானும் ஒருமுறை அரிசிப் பானைக்குள் புதைத்துவைத்து ஒரு கைப்பேசியை இழந்திருக்கிறேன். அரிசித் தூள் உள்ளே போய்க் கேடு செய்யும் என்று ஆப்பிள் நிறுவனமே 2024-இல் எச்சரித்தது. இனி இப்படி நேர்ந்தால் உடனே அணைத்து, ஐபி தரமுள்ள கைப்பேசியானால் நல்ல தண்ணீரில் மெல்ல அலசி, துடைத்து, சார்ஜ் துளை கீழ்நோக்கி இருக்குமாறு காற்றில் வையுங்கள். முழுவதும் உலரும்வரை சார்ஜரில் மாட்டவே கூடாது. இப்போது உங்களுடையதை, போர்டைக் கழற்றிக் கழுவத் தெரிந்த பழுதுபார்ப்பவரிடம் இன்றே கொண்டுசெல்லுங்கள். ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் களிம்பு மேலும் பரவும்.