சுண்ணாம்பும் மஞ்சளும்: எச்.ஐ.வி பாடம் பற்றிச் சில கேள்விகள்

வெள்ளவத்தை, சுகாதாரப் பாட ஆசிரியை: தரம் 10 பிள்ளைகளுக்கு எச்.ஐ.வி பரவுவதைப் பயமுறுத்தும் படங்கள் இல்லாமல் எப்படி விளங்கப்படுத்துவது?

பதில்: அந்தப் படங்களைப் பார்த்த பிள்ளை, 'தொற்று இருந்தால் முகத்திலேயே தெரியும்' என்றுதான் நம்பும். காட்ட வேண்டியது அதற்கு நேரெதிர். முதல்நாள் இரவே வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு தேக்கரண்டியை ஒரு லீற்றர் தண்ணீரில் கலக்கி, போத்தலை மூடி வையுங்கள். காலையில் மேலே தெளிந்த நீரை மட்டும் மெதுவாக ஊற்றி எடுங்கள். மூடாமல் விட்டால் காற்றுப்பட்டு ஏடு கட்டும். கலங்கிய கப்பைப் பிள்ளைகள் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு கப்பில் அந்த நீர் (அதுதான் தொற்று), மற்றவற்றில் வெறும் தண்ணீர், எல்லாம் கால்வாசி அளவு. ஒருவர் தன் கப்பை மற்றவரின் கப்பில் முழுதாக ஊற்றி, கலக்கி, பாதியைத் திரும்ப வாங்க வேண்டும். இப்படி மூன்று சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் வேறு ஆள். பிறகு சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் கரைத்த மஞ்சள்தூள் சில துளி விடுங்கள். சுண்ணாம்பு சேர்ந்த கப் சிவக்கும். ஒரு கப் எட்டு வரை ஆகியிருக்கும். யாரும் குடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிழை வருவது இரண்டு இடத்தில். 'தண்ணி மாத்தினதால வந்தது, அப்ப ஒரே கோப்பையில குடிச்சாலும் வரும்' என்று சில பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். அதனால் தொடங்க முன்பே, இப்படித் தண்ணீரை மாற்றிக்கொள்வது பாதுகாப்பற்ற உடலுறவையும் ஒரே ஊசியைப் பாவிப்பதையும் குறிக்கிறது, தேத்தண்ணிக் கோப்பையை அல்ல என்று பலகையில் எழுதிவிடுங்கள். மற்றது, முதல் கப் யாரிடம் இருந்தது என்று சொல்லவே வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு ஓ.எல் முடியும்வரை பட்டப்பெயர் நிற்கும்.

கொட்டாஞ்சேனை, மாணவன்: நுளம்பு கடிச்சு டெங்கு வருதே, எச்.ஐ.வி ஏன் வராது?

பதில்: டெங்கு வைரஸ் நுளம்பின் உடலுக்குள் பெருகி, அதன் உமிழ்நீர்ச் சுரப்பிவரை போய்விடும் தம்பி. எச்.ஐ.வி பெருகத் தேவையான கலங்கள் நுளம்பிடம் இல்லை. குடித்த இரத்தத்தோடு வயிற்றிலேயே செமித்துப் போகும். கடிக்கும்போது நுளம்பு உள்ளே விடுவது உமிழ்நீரை, முன்பு குடித்த இரத்தத்தை அல்ல.

தெமட்டகொடை, தாய்: மகளின் வகுப்பில் எச்.ஐ.வி உள்ள பிள்ளை இருந்தால்?

பதில்: ஒன்றாகச் சாப்பிடலாம், ஒரே டொய்லெட்டைப் பாவிக்கலாம், விளையாடலாம். யாருக்குத் தொற்று என்று விசாரிக்கப் போகாதீர்கள் அம்மா, அது அந்தக் குடும்பத்தின் இரகசியம்.

மருதானை, ஏ.எல் மாணவி: எச்.ஐ.வி தொற்றியிருக்குமோ என்று சந்தேகம் வந்தால், இரத்தப் பரிசோதனையை எப்போது செய்தால் சரி?

பதில்: சந்தேகத்துக்குரிய சம்பவத்துக்கு மறுநாளே செய்து 'நெகட்டிவ்' என்று நிம்மதியடைவதில் பயனில்லை. ஆய்வுகூடத்தில் செய்யும் நான்காம் தலைமுறைச் சோதனைக்கு (வைரஸின் ஒரு பகுதியையும் அதற்கு உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளையும் சேர்த்துப் பார்ப்பது) 45 நாள், விரலில் குத்திப் பார்க்கும் சோதனைக்கு 90 நாள் கழிய வேண்டும். ஆனால் பாலியல் வன்கொடுமை நடந்திருந்தால் நாள் எண்ணக்கூடாது. 72 மணித்தியாலத்துக்குள் எச்.ஐ.வி தொற்றாமல் தடுக்கும் மாத்திரைகளைத் தொடங்க வேண்டும், 28 நாள் விடாமல் எடுக்க வேண்டும். கொழும்பு 10, டி சேரம் பிளேசில் இருக்கும் அரச பாலியல் நோய்க் கிளினிக்கில் பரிசோதனை இலவசம்.

கொள்ளுப்பிட்டி, ஆசிரியர்: ஆணுறை பாதுகாப்பு என்கிறோம், பிறகு ஏன் கிழிகிறது?

பதில்: பேர்சில் மாதக்கணக்கில் வைத்தால் சூட்டிலும் உராய்விலும் இறப்பர் நலிந்துவிடும். வாஸ்லின், தேங்காயெண்ணெய் பட்டாலும் அப்படியே. பல்லால் உறையைக் கிழிப்பதும் திகதி பார்க்காததும் மற்றக் காரணங்கள்.

பம்பலப்பிட்டி, தந்தை: தரம் 6 மகளுக்கு 'எச்.ஐ.வி ஊசி' போடப்போவதாகச் சொல்கிறார்களே?

பதில்: அது எச்.பி.வி என்ற வேறொரு வைரஸுக்கான ஊசி. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி, 2017இலிருந்து பாடசாலைகளில் போடுகிறார்கள். எச்.ஐ.விக்குத் தடுப்பூசியே இல்லை. பயப்படாமல் சம்மதியுங்கள்.