வாசகர் கேள்வி – பதில்: மரண தண்டனைக் கைதியும் மதுக்கோப்பையும்

கேள்வி: அமெரிக்க மருத்துவத் தொடரான ‘ஹவுஸ்’ இரண்டாம் சீசனின் முதல் எபிசோடில், மரண தண்டனைக் கைதி ஒருவருக்கு விஷமுறிவாக மதுவை ஊற்றிக் கொடுத்து, நாயகனான மருத்துவர் ஹவுஸ் தானும் கூடவே குடிக்கிறார். இப்படியும் ஒரு சிகிச்சை உண்டா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: உண்டு. 2005 செப்டம்பர் 13 அன்று ஒளிபரப்பான ‘அக்செப்டன்ஸ்’ என்ற அந்த எபிசோடில், பார்ப்பவர் நம்பத் தயங்கும் இந்தக் காட்சிதான் மருத்துவத்துக்கு மிக நெருக்கமானது. ராப் பாடகர் எல்.எல். கூல் ஜே நடித்துள்ள கிளாரன்ஸ் என்ற கைதி, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தோடு நகலெடுக்கும் இயந்திரத்துக்கான திரவத்தைக் குடித்துவிடுகிறார். அதில் மெத்தனால் இருக்கிறது. மெத்தனாலைவிட, அது உடலுக்குள் என்னவாக மாறுகிறது என்பதே ஆபத்து. கல்லீரலில் உள்ள ஆல்கஹால் டீஹைட்ரோஜினேஸ் என்ற நொதி அதை ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது; அது பிறகு ஃபார்மிக் அமிலமாகி, ரத்தத்தின் அமிலத்தன்மையை ஏற்றி, பார்வை நரம்பைச் சிதைத்து, உயிரையும் பறிக்கிறது. மதுவில் உள்ள எத்தனாலும் இதே நொதியைத்தான் நாடுகிறது. நொதிக்கும் மெத்தனாலைவிட எத்தனால் மீதுதான் நாட்டம் பல மடங்கு அதிகம். ஆகவே ரத்தத்தில் போதிய எத்தனால் இருக்கும்வரை மெத்தனால் பெரும்பாலும் மாறாமலே தங்கி, மூச்சிலும் சிறுநீரிலும் மெல்ல மெல்ல வெளியேறும். டயாலிசிஸ் செய்தால் விரைவாக வெளியேறும்.

இதே வேலையைப் போதை ஏற்றாமல் செய்யும் ஃபொமெபிசோல் என்ற மருந்தை மெத்தனால் விஷத்துக்குப் பயன்படுத்த அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டிலேயே ஒப்புதல் கிடைத்துவிட்டது. கதை நடக்கும் பிரின்ஸ்டன் நகரின் பெரிய மருத்துவமனை ஒன்றில் 2005இல் மதுப்புட்டியைத் திறந்திருக்கத் தேவையில்லை. அந்த விலையுயர்ந்த மருந்து எட்டாத இடங்களில் எத்தனால்தான் இன்றும் கைகொடுக்கிறது. ஆனால் இருவரும் மாறி மாறிக் கோப்பையைக் காலி செய்வது நாடகத்துக்காக. மருத்துவமனையில் ரத்தத்தை அடிக்கடி சோதித்து, ஒரு டெசிலிட்டருக்கு 100 முதல் 150 மில்லிகிராம் என்ற அளவில் எத்தனாலை நிறுத்தி வைப்பார்கள். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது இதே மெத்தனால் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: விஷச்சாராயம் குடித்தவருக்கு வீட்டில் பிராந்தியை ஊற்றிவிட்டுக் காத்திருக்கக் கூடாது, டயாலிசிஸ் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும்.

கேள்வி: கிளாரன்ஸின் அட்ரினல் சுரப்பியில் இருந்த கட்டிதான் அவரைக் கொலைகாரராக்கியது என்கிறார்களே, ஏற்கலாமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: ஃபியோகுரோமோசைட்டோமா என்ற அந்தக் கட்டி அரிதானது என்றாலும் கற்பனையல்ல. அட்ரினலின் வகை ஹார்மோன்களை அது திடீர் திடீரென்று கொட்டும்போது, தலைவலி, வியர்வை, படபடப்பு, எகிறும் ரத்த அழுத்தம் ஆகியவை வரும். காரணமற்ற பெரும் அச்சமும் வரலாம். அச்சத்திலிருந்து கொலைவெறிக்குத் தாவுவதுதான் கதாசிரியரின் சுதந்திரம். நம்பும்படியாகத் தோன்றும் இந்த இடமே எபிசோடின் தளர்ந்த முடிச்சு என்பது என் கருத்து. மேல்முறையீட்டில் சாட்சி சொல்ல ஹவுஸின் குழுவிலுள்ள மருத்துவர் ஃபோர்மேன் முன்வரும்போது, கட்டியை அகற்றியதால் குற்றம் மன்னிக்கப்பட்டதாகாது என்று ஹவுஸ் மறுப்பதால், தொடரே தன் முடிச்சை முழுதாக நம்பவில்லை என்றும் கொள்ளலாம். இந்த அறுவைச் சிகிச்சைக்கு முன் ஒரு வாரம், இரண்டு வாரம் அந்த ஹார்மோன்கள் ரத்தக் குழாய்களை இறுக்காமல் தடுக்கும் ஆல்ஃபா தடுப்பு மருந்து கொடுத்து ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் கொண்டுவருவார்கள். தொலைக்காட்சிக்கு அவ்வளவு பொறுமை இருப்பதில்லை.

கேள்வி: சாகடிக்கப்படப்போகும் ஒருவரைக் காப்பாற்றுவதற்கு இத்தனை செலவும் உழைப்பும் எதற்கு?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: எபிசோடிலும் ஹவுஸின் சகாக்கள் இதையேதான் கேட்கிறார்கள். அமெரிக்கச் சட்டம் இதற்கு 1976இல் விடை சொல்லிவிட்டது. டெக்சாஸ் சிறையில் வேலை செய்தபோது பருத்தி மூட்டை மேலே விழுந்து முதுகில் அடிபட்ட கேம்பிள் என்ற கைதி தொடுத்த வழக்கில், கைதியின் கடுமையான நோயை வேண்டுமென்றே புறக்கணிப்பது, கொடூரமான தண்டனைகளைத் தடை செய்யும், அரசமைப்பின் எட்டாம் திருத்தத்துக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடைபட்டவர் தானே மருத்துவரைத் தேடிப் போக முடியாது என்பதால் அடைத்து வைத்த அரசே பார்த்தாக வேண்டும் என்பது அதன் நியாயம். வெளியில் சுதந்திரமாக இருக்கும் அமெரிக்கருக்கு இப்படிப் பொதுவான அரசமைப்பு உரிமை எதுவும் இல்லை என்பது விசித்திரம்தான். அதைவிட விசித்திரம், அந்தக் கொள்கையை நிலைநாட்டிய கேம்பிளுக்கு வெற்றி கிடைக்காதது: மூன்று மாதங்களில் 17 முறை சிறை மருத்துவப் பணியாளர்கள் அவரைப் பார்த்திருந்ததால், மருத்துவர் மீதான அவருடைய புகார் ஏற்கப்படவில்லை.

கேள்வி: சிறைக்குத் திரும்பிய கிளாரன்ஸுக்குப் பிறகு மரண தண்டனை நிறைவேறியிருக்குமா?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: கதை நடக்கும் நியூ ஜெர்சியில் 1963க்குப் பிறகு யாருக்கும் மரண தண்டனை நிறைவேற்றப்படவில்லை. 2007 டிசம்பரில் அந்தத் தண்டனையே ஒழிக்கப்பட்டது. காத்திருந்த 8 பேரின் தண்டனையையும் ஆளுநர் ஜான் கார்சைன் ஆயுள் சிறையாக மாற்றினார். கிளாரன்ஸ் நிஜமாக இருந்திருந்தால் ஒன்பதாமவராகியிருப்பார்.