ஓடுகிற சர்வரில் டிரைவரை மாற்றலாமா?

கேள்வி: எங்கள் அலுவலக ஃபைல் சர்வரில் டெபியன் 12 லினக்ஸ் ஓடுகிறது. பெரிய கோப்புகளைக் காப்பி செய்யும்போது மட்டும் நெட்வொர்க் அறுந்து, சில நொடிகளில் தானாகவே திரும்பி வருகிறது. லாகில் ‘டிரான்ஸ்மிட் க்யூ டைம்டு அவுட்’ என்று விழுகிறது. நெட்வொர்க் கார்டு தயாரித்த நிறுவனமே புதிய டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) கொடுக்கிறது. போட்டுவிடலாமா, இல்லை கைவைக்காமல் விடுவது நல்லதா?

பதில்: டிரைவரை மாற்ற வேண்டி வரலாம். ஆனால் அந்த டிரைவரை இப்போது போடாதீர்கள்.

லாகில் விழும் அந்த வரியை எழுதுவது கர்னலின், அதாவது லினக்ஸின் மையப் பகுதியின், கண்காணிப்பு டைமர். அனுப்பக் கொடுத்த பாக்கெட்டைக் கார்டு குறித்த நேரத்துக்குள் அனுப்பி முடிக்கவில்லை, அவ்வளவுதான் அது சொல்வது. உடனே டிரைவர் கார்டை ரீசெட் செய்கிறது, அதனால்தான் இணைப்பு தானாகத் திரும்புகிறது. தவறு யாருடையது என்று அந்த வரியை வைத்துச் சொல்ல முடியாது. 2008-ல் லினக்ஸ் 2.6.27-இன் சோதனைப் பதிப்புகளை ஓட்டியவர்களுக்கு இன்டெல் நெட்வொர்க் கார்டுகளின் உள் நினைவகமே கெட்டுப்போனது. எல்லோரும் ஈ1000ஈ டிரைவரைத்தான் சந்தேகித்தார்கள், தேடித் தேடிப் பார்த்தால் கடைசியில் சிக்கியது எஃப்டிரேஸ் என்ற, நெட்வொர்க்குக்குச் சம்பந்தமே இல்லாத கர்னல் வசதி.

அதனால் முதலில் ஐபெர்ஃப்3 என்ற நெட்வொர்க் சோதனைக் கருவியை வைத்துச் சுமை கொடுத்து, கோளாறை நினைத்த நேரத்தில் வரவழைக்க முடிகிறதா என்று பாருங்கள். இது இல்லாமல் எதை மாற்றினாலும் சரியானதா இல்லையா என்று தெரியவே தெரியாது. அப்புறம் கேபிள், ஸ்விட்ச் போர்ட். அடுத்து, மின்சாரம் மிச்சப்படுத்தக் கார்டுக்குப் போகும் பிசிஐ இணைப்பைத் தூங்கவைக்கும் ஏஎஸ்பிஎம்-ஐ அணைத்துவிட்டு அதே சோதனையை ஓட்டுங்கள். பல நேரம் கதை இங்கேயே முடிந்துவிடும்.

முடியவில்லையா? சரி, டெபியன் 13-இன் லைவ் யுஎஸ்பி-யில் அதே கணினியை பூட் செய்து அதே சோதனையைச் செய்யுங்கள். அதில் இருப்பது 6.12 கர்னல், உங்களிடம் இருப்பது 6.1. அங்கே கோளாறு வரவில்லை என்றால், டிரைவரை மட்டும் பிய்த்தெடுக்காமல், பழைய டெபியனுக்காகப் புதிய மென்பொருள்களைத் தரும் பேக்போர்ட்ஸ் தொகுப்பிலிருந்து புதிய கர்னலை முழுதாகப் போடுங்கள். லினக்ஸில் கர்னலுக்கும் டிரைவருக்கும் இடையிலான உள் இடைமுகம் பதிப்புக்குப் பதிப்பு மாறும், ஒன்றின் டிரைவர் இன்னொன்றில் ஏறாது. பழைய கர்னலும் அப்படியே இருக்கும், பிடிக்கவில்லை என்றால் பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்துத் திரும்பிவிடலாம்.

நிறுவனத்தின் டிரைவரைக் கடைசி வழியாகத்தான் வைத்துக்கொள்வேன். அது டிகேஎம்எஸ் என்ற, டிரைவரைத் தானாகக் கட்டியமைக்கும் கருவி வழியாக ஒவ்வொரு கர்னல் அப்டேட்டுக்கும் புதிதாகக் கம்பைல் ஆக வேண்டும். ஒருமுறை கம்பைல் தோற்றால் அடுத்த ரீபூட்டில் கர்னலின் பழைய டிரைவரே ஏறி, கோளாறும் திரும்பி வரலாம். பழையதை முடக்கி வைத்திருந்தால் சர்வருக்கு நெட்வொர்க்கே இருக்காது, தூரத்திலிருந்து உள்ளே நுழைந்து சரிசெய்யவும் வழி இருக்காது. கையொப்பம் இல்லாத டிரைவரை ஏற்க மறுக்கும் செக்யூர் பூட் இருந்தால் டிரைவரில் கையொப்பம் போடும் வேலை வேறு.

கேள்வி: சரியான டிரைவர் புதிய கர்னலில் இருக்கும்போது, அதை ஏன் ஸ்டேபிளில், அதாவது திருத்தங்கள் மட்டுமே சேரும் நிலையான கர்னல் வரிசையில், அப்படியே தூக்கிப் போட கர்னல் பராமரிப்பாளர்கள் மறுக்கிறார்கள்?

பதில்: ஒரே டிரைவர்தான் பல தலைமுறை சிப்களை ஓட்டுகிறது. உங்கள் சிப்புக்கு நன்றாக வேலை செய்யும் புது டிரைவர், இதுவரை பிரச்சினையே இல்லாமல் இருந்த ஒருவரின் பழைய சிப்பைக் கெடுக்கலாம். அவர் ஸ்டேபிளை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறார், அவரிடம் நாம் கேட்கவும் இல்லை. அதனால்தான் ஸ்டேபிள் கர்னலுக்குக் கறாரான விதி: திருத்தம் முதலில் மெயின்லைனில், அதாவது கர்னலின் முதன்மை வரிசையில், சேர்ந்திருக்க வேண்டும், நிஜமான கோளாறைச் சரிசெய்ய வேண்டும், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் காட்டப்படும் சுற்றுவரிகளோடு சேர்த்து 100 வரிகளைத் தாண்டக்கூடாது. புதிய சாதனத்தின் அடையாள எண்ணைச் சேர்ப்பதையும் ஏற்பார்கள்.

இவ்வளவு கவனத்துக்குப் பிறகும் 2023 டிசம்பரில், இஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமைக்கான ஒரு திருத்தம் அது சார்ந்திருந்த இன்னொரு மாற்றம் இல்லாமலே 6.1 கர்னலுக்குள் வந்து, கோப்புகளைக் கெடுக்கக்கூடிய நிலை உண்டானது. டெபியன் 12.3 வெளியீட்டை நிறுத்திவிட்டு டிசம்பர் 10 அன்று நேராக 12.4-ஐ வெளியிட்டார்கள்.

நாம் செய்யக்கூடியது, கோளாறைச் சரிசெய்த அந்த ஒரு கமிட்டை (நிரலில் பதிவான ஒரு மாற்றத்தை) கண்டுபிடித்து அதை மட்டும் ஸ்டேபிளுக்குக் கேட்பது. பதிப்புகளைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதித்துத் தேடும் கிட் பைசெக்ட் இதற்குத்தான் இருக்கிறது, பொறுமை வேண்டும். முடியாதவர்கள், எந்தப் பதிப்பில் கோளாறு வருகிறது, எதில் வரவில்லை என்று எழுதிக் கொடுத்தாலே தேடும் இடம் பாதியாகச் சுருங்கிவிடும்.

கோளாறு டிஸ்க் கன்ட்ரோலர் டிரைவரில் இருந்து, எழுதிய தரவு கெடுகிறது என்றால் மட்டும் இந்தப் பொறுமை எதுவும் வேண்டாம். எழுதுவதை உடனே நிறுத்தி, தரவை வேறு கணினிக்கு மாற்றிய பிறகு மற்றதைப் பாருங்கள்.