ஒழுங்கைக்குக் கொங்கிறீட் போடும்போது சொல்லும் ‘அளவுப் பட்டியல்’ (பி.ஓ.கியூ.) என்றால் என்ன?

எந்த வேலை, எவ்வளவு, அலகுக்கு என்ன விலை என்று வரிவரியாக எழுதிய தாள். கல்யாணச் சமையலுக்குச் சாமான் எழுதிக் கொடுப்பதைப் போலத்தான்.

காசு போவது அளவுக்கு. 100 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், 15 சென்ரிமீற்றர் தடிப்பென்றால் 45 கன மீற்றர் கொங்கிறீட். தடிப்பு 10 ஆனால் 30தான். மேலே பார்த்தால் தெரியாது. மணல் லொறி ஏறும்போது வெடிக்கும். ஊற்றுமுன் பக்கப் பலகைகளுக்குக் குறுக்கே நூல் பிடித்து, நடுவில் நிலம்வரை அளந்து பாருங்கள். கள்ளம் நடப்பது நடுவில்தான்.

மட்டக்களப்பில் இந்தப் பட்டியலில் வடிகானுக்கான வரி விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். மார்கழி மழைத் தண்ணீர் ஓரத்து மணலை அரித்து, கொங்கிறீட்டின் அடியைக் கோறையாக்கிவிடும்.

பலர் நினைப்பதுபோல இது கொந்தராத்துக்காரர் தயாரிக்கும் பில் அல்ல. அளவுகளை உள்ளூராட்சிச் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் எழுதுவார், கொந்தராத்துக்காரர் விலையை மட்டும் நிரப்புவார்.