விரலி மஞ்சளும் மிட்கேப் இ.டி.எஃப்.பும்

கேள்வி: அவிநாசியில் 12 பவர் டேபிள் (தையல் மெஷின்) போட்டு ஜாப் ஒர்க் செய்கிறேன். சீட்டுப் பணம் 4 லட்சம் கையில் இருக்கிறது. ‘நிஃப்டி மிட்கேப் 150 குவாலிட்டி 50’ இ.டி.எஃப். வாங்கினால் நஷ்டமே வராது என்கிறார் மச்சான். போடலாமா?

பதில்: மச்சான் சொல்வதில் பாதி சரி: தரம் பார்த்துச் சலித்த கம்பெனிகள்தான் இவை; நஷ்டமே வராது என்பதுதான் தவறு. இ.டி.எஃப். என்றால் பல கம்பெனிப் பங்குகளை ஒரே மூட்டையாகக் கட்டிப் பங்குச் சந்தையில் விற்கும் ஃபண்ட். பட்டியலிட்ட கம்பெனிகளைச் சந்தை மதிப்புப்படி வரிசைப்படுத்தினால் 101 முதல் 250 வரை வருபவை மிட்கேப். இது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் கணக்கு. அந்த 150-ல் மூன்று விஷயம் பார்த்து 50-ஐப் பொறுக்குகிறார்கள்: போட்ட முதலுக்கு என்ன லாபம், கடன் எவ்வளவு, லாபம் ஐந்து வருடமாகச் சீராக வளர்ந்ததா. ஜூனிலும் டிசம்பரிலும் மறுபடி சலிப்பார்கள். இப்படிச் சலிக்க உதவும் குணத்துக்குத்தான் ஃபேக்டர் என்று பெயர். (நம் ஊர்க் காதில் ஃபேக்டரி என்றுதான் விழும்.)

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் விரலி தனி, கிழங்கு தனி. விரலிக்கு விலை கூடத்தான். ஆனால் மஞ்சள் விலையே விழும்போது விரலி மட்டும் அந்தரத்தில் நிற்குமா? மிட்கேப்பும் அப்படித்தான்: 2018-ல் பெரிய கம்பெனிகளின் குறியீடான நிஃப்டி 50 சுமார் 3 சதவீதம் ஏறியது; நடுத்தரக் கம்பெனிகளின் குறியீடான நிஃப்டி மிட்கேப் 100 சுமார் 15 சதவீதம் இறங்கியது. நஷ்டம் வராது என்ற பேச்சை விடுங்கள்.

எனக்குக் கவலை வாங்கும் விதத்தில்தான். இ.டி.எஃப். பங்கு மாதிரி கைமாறுகிறது; இந்த வகையில் வியாபாரம் குறைவு. ஒரு யூனிட்டுக்குள் இருக்கும் பங்குகளின் அந்த நேர மதிப்பு, அதாவது ஐ-என்.ஏ.வி., 200 ரூபாயாக இருக்க, திரையில் 206 என்று ஓடலாம். பார்க்காமல் மார்க்கெட் ஆர்டர் (திரையில் என்ன விலையோ அதற்கே வாங்குவது) போட்டு 2 லட்சத்துக்கு வாங்கினால், கிட்டத்தட்ட 5,800 ரூபாய் வாங்கும்போதே போச்சு. ஃபண்ட் கம்பெனியின் தளத்தில் ஐ-என்.ஏ.வி.யைப் பார்த்து, அதை ஒட்டி லிமிட் ஆர்டர் (இந்த விலைக்கு மேல் வேண்டாம் என்று சொல்லி வாங்குவது) போடுங்கள். சந்தை திறந்த முதல் கால் மணி நேரம் வேண்டாம். இந்தத் தலைவலி எதற்கு என்று நினைத்தால், இதே 50 கம்பெனிப் பட்டியலை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்ட் (மியூச்சுவல் ஃபண்ட்) உண்டு, அன்றைய என்.ஏ.வி.க்கே, அதாவது உள்ளே இருக்கும் பங்குகளின் அன்றைய மதிப்புக்கே கிடைக்கும், பங்குகளை வைத்துக்கொள்ளும் டீமேட் கணக்கும் தேவையில்லை. உங்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

அப்புறம், ஆர்டர் குறைந்து பார்ட்டி பில் பணத்தை இழுத்தடிக்கும் சமயத்திலேயே மிட்கேப்பும் சரிந்து கிடக்கலாம். அதனால் மூன்று மாதக் கூலி, கரண்ட் பில், தீபாவளி போனஸ் இவற்றுக்கான தொகையை முதலில் வங்கியில் ஒதுக்குங்கள். ஏழு வருடம் தொடாமல் இருக்க முடிகிற மீதியை மட்டும், மாதாமாதம் பிரித்துப் போடுங்கள்.