மேல் லயத்துக் கடுவனுக்குத் திறக்காத கதவு

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் 7 பேர்ச் தனி வீட்டில் இருக்கிறோம். இரண்டு பூனைகள் வளர்க்கிறோம். அவை வந்துபோகக் குசினிக் கதவின் கீழே ஓர் ஓட்டை போட்டிருக்கிறோம். அது வழியாக மேல் லயத்துக் கடுவன் இராத்திரியில் வந்து சாப்பாட்டைத் தின்றுவிட்டு, அரிசி மூட்டையில் மூத்திரமும் அடித்துவிட்டுப் போகிறது. வெளிநாட்டில் இருக்கும் மகள், சொந்தப் பூனைக்கு மட்டும் திறக்கும் கதவு இருக்கிறது, வாங்கி அனுப்பவா என்று கேட்கிறாள். எங்கள் கதவு தகரம் அடித்தது. அடிக்கடி கரண்ட் போகும் இடம். சரிவருமா, ஐயா?

பதில்: சரிவரும். ஆனால் மகளை இப்போதே ஓர்டர் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். முதல் வேலை பூனைகளுக்கு அடையாளச் சிப் போடுவது, இரண்டாவது அந்தத் தகரம், மூன்றாவதுதான் கதவு. கரண்டைப் பற்றிக் கவலையே வேண்டாம். இவை பெரும்பாலும் பெட்டரியில் ஓடுபவை. பெயர்பெற்ற ஷுவர்ஃபிளாப் பூனைக் கதவுக்கு ஏஏ அளவு பெட்டரி நான்கு போதும். ஒரு வருடம் வரை வரும் என்கிறது கம்பனி. நம் ஊரில் அவ்வளவு வராது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கதவு பூனையின் முகத்தைப் பார்ப்பதில்லை. தோலுக்குக் கீழே இருக்கும் சிப்பின் எண்ணைத்தான் படிக்கிறது. மிருக வைத்தியர் பூனையின் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே ஊசியால் போட்டுவிடுவார். அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரியது, சுமார் 12 மில்லிமீற்றர் நீளம். உள்ளே பெட்டரி கிடையாது, 15 இலக்க எண் ஒன்று மட்டும் இருக்கும். பூனை குட்டிக் கதவுக்குள் தலையை விட்டதும், கதவைச் சுற்றியுள்ள செப்புக் கம்பிச் சுருள் 134.2 கிலோஹேர்ட்ஸில் ஒரு காந்தப் புலத்தை எழுப்பும். அந்தப் புலத்திலேயே சிப் விழித்துத் தன் எண்ணைச் சொல்லும். எண் கதவின் நினைவில் இருந்தால் 'டக்' என்று தாழ் விலகும். எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

இங்கிலாந்தில் நாய், பூனைகளுக்குச் சிப் போடுவது கட்டாயம். அங்கே பக்கத்து வீட்டுக் கடுவனுக்கும் ஓர் எண் இருக்கும், அதனால் கதவு எண்ணை ஒப்பிட்டுப் பார்த்தே ஆக வேண்டும். உங்கள் மேல் லயத்துக் கடுவனிடம் எண்ணே கிடையாது. நம் மலையில் இந்தக் கதவுக்கு வேலை சுலபம்.

வைத்தியரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, சிப் 15 இலக்கமுள்ள ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரத்தில் இருக்க வேண்டும். பழைய 10 இலக்கச் சிப்களை எல்லாக் கதவுகளும் படிக்காது. இரண்டு, போட்ட கையோடு ரீடரை வைத்து எண்ணை வாசித்துக் காட்டச் சொல்லி எழுதி வாங்குங்கள். சிப் சில பூனைகளுக்குத் தோளில் இருந்து மெதுவாகப் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். அப்படி நகர்ந்த பூனை கதவுக்குள் இன்னும் கொஞ்சம் உடம்பை நுழைத்தால்தான் எண் படியும். சிப் போடப் பிடிக்கவில்லை என்றால் கழுத்துப் பட்டியில் தொங்கும் வில்லையும் உண்டு. தேயிலைச் செடிக்குள் புகுந்து வரும் பூனைக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒரு வாரத்தில் பட்டி எந்த வாதிலாவது தொங்கும்.

இப்போது தகரத்துக்கு வருவோம். மலையில் இந்தக் கதவுகள் தோற்பது பெரும்பாலும் இதனால்தான். மழை, மூடுபனி, பூனையின் நனைந்த உடம்பு, எதுவும் இந்தக் காந்தப் புலத்தைத் தடுக்காது. உலோகம் தடுக்கும். இண்டக்‌ஷன் அடுப்பில் சட்டி சுடுகிறது, பக்கத்தில் வைத்த கை சுடுவதில்லை, பார்த்திருப்பீர்கள். அதே கதைதான் இங்கும். சுருளுக்குப் பக்கத்தில் உலோகம் இருந்தால் புலத்தின் சக்தியை அது தின்றுவிடும், சிப்பைப் போய் எட்டாது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு பங்களாவில் முதன்முதலாக இப்படி ஒரு கதவைப் பொருத்தினேன். மேசையில் வைத்துப் பார்த்தபோது சிப்பை ஒவ்வொரு முறையும் படித்தது. தகரம் அடித்த கதவில் பூட்டியதும் ஊமையாகிவிட்டது. பூனை தலையால் முட்டி முட்டிப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. கடைசியில் தகரத்தை நாலு பக்கமும் அகலமாக வெட்டி எடுத்து, அந்த இடத்தில் பிளைவுட் சட்டம் அடித்து, அதன் நடுவே கதவைப் பூட்டினேன். அப்புறம்தான் வேலை செய்தது. உங்களுக்கும் அதே வைத்தியம்தான். உலோகக் கதவுக்கென்று தனிப் பொருத்துச் சட்டமும் சில கம்பனிகள் விற்கின்றன. மகள் வாங்கும்போது அதையும் சேர்த்து வாங்கட்டும். ஆணியைச் சட்டத்தின் ஓரத்தோடு நிறுத்திவிடுங்கள், சுருள் பக்கம் வேண்டாம்.

மாடலைத் தெரிவு செய்யும்போது, சாதாரண வகை உள்ளே வருபவரை மட்டும்தான் சோதிக்கும், வெளியே போவது யாரானாலும் விட்டுவிடும். உங்கள் பிரச்சினைக்கு அது போதும். இரண்டு பக்கமும் படிக்கும் வகை விலை கூட. ஒரு பூனையை வீட்டுக்குள்ளேயே வைத்து மற்றதை வெளியே விட நினைப்பவருக்குத்தான் அது தேவை. வாயில் சின்னது, சுமார் 14 சென்ரிமீற்றர் அகலம், 12 உயரம். கொழுத்த கடுவன் வளர்ப்பவர்கள் பூனையின் தோளை அளந்துவிட்டு வாங்கட்டும்.

பெட்டரி விஷயம். சார்ஜ் செய்யும் பெட்டரி 1.2 வோல்ட்தான் தரும், கதவு எதிர்பார்ப்பது 1.5. அதனால் அல்கலைன் போடுங்கள். தென்மேல் பருவக்காற்றில் பூனை தள்ளித் திறக்கும் அந்தத் தட்டி ஆடிக்கொண்டே இருந்தாலும், கடுவன் ராத்திரி முழுக்கத் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாலும், கதவு ஒவ்வொரு முறையும் விழித்துப் படிக்க முயலும். குளிரில் பெட்டரி வேறு சோர்ந்துவிடும். வருடத்துக்கு இரண்டு தடவை மாற்றுவதாகக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இஸ்தோப்பு இருக்கும் பக்கத்துக் கதவில் பூட்டினால் காற்றும் மழையும் பாதியாகக் குறையும்.

கற்றுக்கொடுப்பது சுலபம். பொத்தானை அமத்திவிட்டு உங்கள் பூனையை ஒரு முறை நுழைய விட்டால் எண் பதிந்துவிடும். அதற்கு முன் மூன்று நாள் தட்டியைத் தூக்கி டேப் ஒட்டித் திறந்தே வையுங்கள். மறுபக்கம் நாலு நெத்தலி வைத்தால் போதும். அந்த 'டக்' சத்தத்துக்குத்தான் பூனைகள் மிரளும். கதவைத் தள்ளுவதற்கு மிரளுவதில்லை.

கெட்டிக்காரக் கடுவன் இரண்டு வழியில் உங்களை ஏமாற்றலாம். உங்கள் பூனையின் வாலோடு ஒட்டிக்கொண்டு நுழையும், இல்லையென்றால் நகத்தால் தட்டியை வெளிப்பக்கம் இழுத்துத் திறக்கும். இழுப்பதைத் தடுக்கும் கூடுதல் பூட்டு சில மாடல்களில் உண்டு, அதை முடுக்கிவிடுங்கள். வாலோடு வருவதற்கு என்னிடம் மருந்து இல்லை. இரவில் முழுதாகப் பூட்டிவிடும் வசதி இருந்தால் அதையும் பாவியுங்கள். ஹட்டன், டிக்கோயாப் பக்கத் தேயிலை மலைகளில் புலி, அதாவது சிறுத்தை, நடமாடுவது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருட்டிய பிறகு பூனை உள்ளே இருப்பதே நல்லது.

செலவு செய்வதற்கு முன் மேல் லயத்து ஆட்களோடு பேசி, அந்தக் கடுவனுக்குக் கருத்தடை செய்ய முடியுமா என்று பாருங்கள். மூத்திரம் அடிப்பதும் சண்டைக்கு வருவதும் வெகுவாகக் குறையும், கதவுக்கே தேவை இல்லாமல் போகலாம். அரிசியைச் சாக்கில் வைக்காமல் மூடி போட்ட பிளாஸ்டிக் வாளிக்கு மாற்றுங்கள். மூட்டை இருந்த இடத்தை என்சைம் உள்ள சலவைத்தூளால் நன்றாகக் கழுவுங்கள். வாடை மிச்சம் இருந்தால் கடுவன் அதே இடத்தைத் தேடித்தான் வரும்.

கதவைப் பொருத்தியதும் வீட்டை ஒரு தடவை சுற்றி வந்து மற்ற ஓட்டைகளைப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் கதவு ஒழுங்காகத்தான் வேலை செய்தது. கடுவன் சுவருக்கும் கூரைத் தகடுக்கும் நடுவே இருந்த சந்து வழியாக இறங்கி வந்து, தின்று முடித்துவிட்டு, வெளியே போவதற்கு மட்டும் புதுக் கதவைப் பாவித்துக்கொண்டிருந்தது.