புழுவா, மாவா, பாக்கெட்டா? சித்தூர் ஆற்றங்கரையில் சில கேள்விகள்

கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எனக்கு ஊர். சித்தூர்ப்புழையில் தூண்டில் போட ஆரம்பித்து முப்பது வருடம் ஆகிறது. இரையைப் பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

அண்ணா, 280 ரூபாய் கொடுத்து ஒரு மீன் இரைப் பொடி வாங்கினேன். ஸ்ட்ராபெரி வாசனை அடிக்கிறது. மூன்று நாள் ஆற்றில் உட்கார்ந்தும் ஒரு கடிகூட இல்லை. ஏமாந்துவிட்டேனா? (நல்லேப்பிள்ளி, கல்லூரி மாணவர்)

பொடியைத் திட்டாதே தம்பி, போட்ட இடம்தான் தப்பு. அது கட்லா, ரோகு வளர்க்கும் குளத்துக்கு ஏற்ற பொடி. அங்கே மீனுக்குத் தினமும் தீவனம் விழும். மாவு கரைகிற வாசனை வந்தாலே ஓடி வரும். ஆற்று மீனுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. போதாததற்கு, ஓடுகிற தண்ணீரில் அந்த உருண்டை சீக்கிரம் கரைந்து தூண்டில் முள் மட்டும் மிஞ்சும். மீதிப் பொடியை வீசாதே. புண்ணாக்கோடு பிசைந்து, ஓட்டம் இல்லாத மடுவில் போட்டுப் பார்.

வீட்டில் செய்யும் மாவுக்கு அளவு சொல்லுங்க அண்ணே. எனக்கு முள்ளில் நிற்கவே மாட்டேங்குது. (வண்ணாமடை, தேங்காய் வியாபாரி)

செக்கில் வாங்கின கடலைப் புண்ணாக்கு இரண்டு பங்கு, தவிடு ஒரு பங்கு, மைதா ஒரு பங்கு. புண்ணாக்கை லேசாக வறுத்து இடித்துக்கொள்ளுங்கள். நிற்காததற்குக் காரணம் பச்சைத் தண்ணீர். மைதாவைக் கொதிக்கிற தண்ணீர் விட்டுக் கிளறினால் பசை மாதிரி இறுகும். அதில் மற்றதைச் சேர்த்துப் பிசைந்தால் சட்டென்று கரையாது. ஓட்டம் அதிகமான இடத்துக்கு ஒரு சிட்டிகைப் பஞ்சைப் பிய்த்துப் போட்டுப் பிசைவது எங்கள் தாத்தா காலத்து வழக்கம்.

வாசனைக்கு எசன்ஸ் பாட்டில் தேடி அலைய வேண்டாம். நம் சித்தூர்ப் பக்கம் கள்ளுக்குக் குறைவா? முந்தின நாள் கள்ளின் அடிமண்டியை இரண்டு கரண்டி விட்டு ஓர் இரவு மூடி வைத்தால் மாவு புளித்து உப்பும். கெண்டை வகைக்குப் புளித்த வாசனை பிடிக்கும். (வீட்டில் கெண்டைக்குத்தான் கள் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. அது தனிக் கதை.)

உருண்டை சுண்டைக்காய் அளவு போதும். எலுமிச்சை அளவுக்குப் பிடித்துக் கோத்தால் சின்ன மீன் சுற்றிச் சுற்றிக் கொறித்துத் தின்றுவிட்டுப் போகும்.

எங்க பையனுக்கு ஒன்பது வயசு. தூண்டில் வேணும்னு அடம். முதல்ல எந்த இரை கொடுக்கலாங்க? (வேலந்தாவளம், ஓர் அம்மா)

மண்புழு கொடுங்கம்மா. காசு செலவில்லை. வாழை மரத்தடியிலோ மாட்டுத் தொழுவத்துச் சாக்கடை ஓரத்திலோ தோண்டினால் கிடைக்கும். ஈர மண் போட்ட டப்பாவில் நிழலில் வைத்தால் சாயங்காலம்வரை சாகாது. முழுப் புழுவைக் கோக்க வேண்டாம், ஓர் அங்குலத் துண்டு, நுனி கொஞ்சம் தொங்கட்டும். ஜிலேபி மீன் நிச்சயம் கடிக்கும், பையன் விடமாட்டான். அந்த ஜிலேபி நம் ஊர் மீனே இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, இந்தியாவுக்குள் கொண்டுவந்தது 1952-ல். இப்போது நாட்டுக் கெண்டையைவிட அதுதான் அதிகம் கிடைக்கிறது. பிள்ளைகள் எத்தனை பிடித்தாலும் எனக்கு வருத்தமில்லை.

கரையில் நீங்களும் கூட இருங்கள். மணல் அள்ளிய பழைய குழிகள் மேலே பார்த்தால் தெரியாது.

ராத்திரி கெளுத்திக்குக் கோழிக்குடல் நல்லதா, மண்புழுவா? (மீனாட்சிபுரம், லாரி ஓட்டுநர்)

குடல். கெளுத்தி கண்ணை நம்பி இரை தேடுகிற மீன் இல்லை. அதன் மீசை முழுக்கச் சுவை மொட்டுகள். இருட்டில் அடித்தரையைத் தடவிக்கொண்டே வரும். ஆகவே நாற்றம்தான் அதற்கு விளக்கு. குடலை வெயிலில் அரை நாள் வைத்தால் போதும், அதற்குமேல் வைத்தால் பிய்ந்து போகும், வீட்டிலும் சண்டை வரும். ஈயம் கட்டித் தரையோடு கிடக்க விடுங்கள். இரை கோக்கும்முன் டீசல் கையை மண்ணில் தேய்த்துக் கழுவுங்கள். இரை சரியில்லை என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் கையில் பெட்ரோல், சோப்பு, பீடி வாசனைதான்.

தூண்டிலிலிருந்து கழற்றும்போது கெளுத்தியின் பக்கவாட்டு முள் குத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குத்தினால் விடிய விடியக் கடுக்கும்.

விராலுக்கு உயிர்த் தவளை கோக்கலாமா? கடையில் ரப்பர் தவளை 350 ரூபாய் சொல்கிறார்கள். (கோவிந்தாபுரம்)

இந்த ஒரு விஷயத்தில் நான் கடைச் சரக்கின் பக்கம். விரால் மூச்சுக்காக மேலே வந்து போகிற மீன், மேற்பரப்பில் துள்ளுவது எதுவானாலும் பாயும். அதற்கு வாசனை வேண்டாம், அசைவு போதும். ரப்பர் தவளையின் முள் முதுகோடு ஒட்டிப் படிந்திருப்பதால் ஆகாயத்தாமரைக்குள்ளேயும் சிக்காமல் இழுக்கலாம். ஒன்று வாங்கினால் இரண்டு மூன்று வருடம் வரும். உயிர்த் தவளை வேண்டாம். வயல் பூச்சியைத் தின்கிற ஜீவன் அது. தவளைக்கால் ஏற்றுமதியையே 1987-ல் அரசாங்கம் நிறுத்திவிட்டது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தண்ணீர் மேல் செம்பட்டையாக விரால் குஞ்சுக் கூட்டம் தெரிந்தால் அங்கே வீசாதீர்கள். மலையாளத்தில் அதைப் பார்ப்பு என்பார்கள், பழைய தமிழிலும் குஞ்சுக்கு அந்தப் பேர் உண்டு. கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். பசிக்காக இல்லை, கோபத்தில் கடிக்கும். அந்தத் தாய் தகப்பனைத் தூக்கிவிட்டால் குஞ்சு அத்தனையும் மற்ற மீனுக்கு இரை.

ஒரே இடம், ஒரே மாவு. ஒரு நாள் கூடை நிறைகிறது, மறுநாள் ஒன்றுமில்லை. ஏன்? (தத்தமங்கலம், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ஐயா, தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். நம் ஆறு மழையை மட்டும் நம்பி ஓடுவதில்லை. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் உள்ள பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி சித்தூர்ப் பாசனத்துக்கு வருடம் 7.25 டிஎம்சி தண்ணீர் மணக்கடவு தடுப்பணை வழியாக வர வேண்டும். ஆழியாற்றில் திறந்தால் இங்கே மழையே இல்லாமல் மட்டம் ஏறும், தண்ணீர் கலங்கும். கலங்கல் தண்ணீரில் மீனுக்குக் கண் தெரியாது, மண்புழு, குடல் மாதிரி வாசனை இரைதான் எடுபடும். தெளிந்த பிறகு சின்ன மாவு உருண்டை, மெல்லிய தூண்டில் நரம்பு. முள் வெளியே தெரிந்தால் கெண்டை கிட்டவே வராது.

அப்புறம் மீனின் வாய். கட்லாவுக்கு வாய் மேல்நோக்கி இருக்கும், இரையை மிதப்புக்குக் கீழே ஓரடி, இரண்டடியில் தொங்கவிடுங்கள். மிர்காலுக்குக் கீழ்நோக்கி, தரையில் கிடக்க வேண்டும். ரோகு நடுத் தண்ணீர். அதே மாவுதான், ஆழம் மாறினால் மீன் மாறும்.

முதல் மழைக்கு ஏறி வரும் மீனுக்கு என்ன இரை? (எருத்தேம்பதி)

எதுவும் வேண்டாம். முட்டை போட ஏறுகிற மீன் அது. அப்படி ஏறுவதை மலையாளத்தில் 'ஊத்த' என்பார்கள். கேரளத்தில் அந்த 'ஊத்த' பிடிப்புக்குத் தடை இருக்கிறது, 2010 உள்நாட்டு மீன்வளச் சட்டத்தில் தண்டனையும் உண்டு.

உங்க பையில் எப்பவும் என்ன இரை இருக்கும் மாமா? (கொழிஞ்சாம்பாறை, பக்கத்துத் தெருப் பையன்)

மண்புழு டப்பா, புளித்த மாவு, ஒரு ரப்பர் தவளை. போன ஞாயிறு மூன்றுக்கும் ஒன்றும் வரவில்லை. மத்தியானத்துக்கு எனக்கென்று வைத்திருந்த பரோட்டாவில் ஒரு துண்டைக் கிள்ளிப் போட்டேன், உள்ளங்கை அகலத்தில் ஒரு கெண்டை வந்தது. மீதிப் பரோட்டாவும் அப்படியே போயிற்று, நான் பட்டினி.